ஏ.சி.யில் காஸ் தீர்ந்து போகுமா?



சென்ற கோடையில் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா உள்கடன் கேட்டார். "எதுக்கு அக்கா 4,000?" என்று ஊக்குநர் கேட்டார். "ஏ.சி.க்கு காஸ் அடிக்கணும்மா. போன வருஷமும் 3,500 குடுத்து அடிச்சேன். இப்ப மறுபடியும் காத்து குளுகுளுன்னு வரல. மெக்கானிக் வந்து பாத்துட்டு காஸ் தீர்ந்து போச்சுங்கறார். மக பிரசவத்துக்கு வந்திருக்கா, பச்சப்புள்ள வேர்வையில துடிக்குது" என்றார்.

தீர்மான நோட்டில் எழுதப் போகும் நேரத்தில் இன்னொரு உறுப்பினர், "கொஞ்சம் பொறுங்க. என் பையன் ஐ.டி.ஐ.யில அந்த வேலைதான் படிச்சான். காஸுங்கறது அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிஞ்சு தீர்ற சமாச்சாரம் இல்லைன்னு சொல்லுவான். முதல்ல போய்ப் பாப்போம்" என்றார். கூட்டம் முடிந்ததும் நாலு பேர் போனோம்.

உள்ளே இருக்கும் பெட்டியைத் திறந்தால், வலை முழுக்க கம்பளி போர்த்தியது போல் தூசி. வெளியே இருக்கும் பெட்டிக்கு, மழையில் நனையக் கூடாது என்று அக்கா சாக்கு கட்டி வைத்திருந்தார். வாங்கி மூன்று வருடத்தில் ஒரு முறைகூட சர்வீஸ் செய்யவில்லை. சாக்கை அவிழ்த்தோம், வலையைக் கழுவினோம். மறுநாள் அந்தப் பையன் வந்து தண்ணீர் அடித்து இரண்டு பெட்டியையும் சுத்தம் செய்தார். 600 ரூபாய். அறை பழையபடி குளிர்ந்தது. காஸ் அளவு சரியாகவே இருந்தது. 4,000 கடன் தேவைப்படவில்லை. போன வருடம் கொடுத்த 3,500 போனது போனதுதான்.

இன்று கிராமத்திலும் மாதத் தவணையில் ஏ.சி. வாங்குகிறோம். வாங்கும் விலையைப் பற்றி பத்து கடையில் விசாரிக்கிறோம். வாங்கிய பிறகு ஆகும் செலவை யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏ.சி. எப்படிக் குளிர வைக்கிறது?

அறைக்குள் இருக்கும் சூட்டை உள்பெட்டி வாங்கிக்கொள்கிறது. செம்புக் குழாயில் ஓடும் காஸ் அந்தச் சூட்டைச் சுமந்து போய் வெளிப்பெட்டியில் கொட்டுகிறது. பிறகு திரும்பி வருகிறது. ஒரே காஸ்தான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. குழாயிலோ இணைப்பிலோ ஓட்டை இல்லாதவரை அது குறையாது. ஆகவே காஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. அடுத்த வருடம் மறுபடி அதே செலவு வரும்.

வலை அடைத்தால் உள்ளே காற்று போகாது. வெளிப்பெட்டி அடைத்தால் சூடு வெளியேறாது. இரண்டிலும் குளிர் குறையும், கரண்ட் பில் ஏறும். பார்ப்பதற்கு காஸ் இல்லாதது போலவே தெரியும். ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

நாமே செய்யக் கூடியவை

1. ஏ.சி. ஓடும் காலத்தில் 15 நாளுக்கு ஒரு முறை வலையைக் கழுவுங்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முன்மூடியைத் தூக்கி வலையை மெதுவாக உருவி, குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், அழுத்தித் தேய்க்க வேண்டாம். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

2. வெளிப்பெட்டியைச் சுற்றி காற்று போக இடம் விடுங்கள். சாக்கு கட்டுவது, துணி காயப் போடுவது, வைக்கோல், விறகு அடுக்குவது கூடாது. அது மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்டது.

3. தண்ணீர் வெளியேறும் குழாயில் பாசியோ குளவிக் கூடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சுவரில் தண்ணீர் வடிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

4. 24 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாக ஓட விடுங்கள். 2020 ஜனவரி முதல் விற்கும் ஸ்டார் முத்திரை ஏ.சி.க்கள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி அரசு விதி செய்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய மின்சிக்கன அமைப்பின் கணக்கு.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வெளிப்பெட்டியை நாமே திறக்கக் கூடாது. உள்ளே கப்பாசிட்டர் என்ற பாகம் இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கிப் போடும். இப்போது நிறைய ஏ.சி.க்களில் இருக்கும் ஆர்-32 காஸ் தீப்பிடிக்கும் தன்மையும் கொண்டது.

எதற்கு எவ்வளவு ஆகும்?

ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேரம் பேச ஒரு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அடித்து சர்வீஸ்: 500 முதல் 800 ரூபாய்
வந்து பார்க்க மட்டும்: 200 முதல் 400 ரூபாய்
கப்பாசிட்டர் மாற்ற: 400 முதல் 800 ரூபாய்
முழுவதும் காஸ் நிரப்ப: 2,500 முதல் 4,000 ரூபாய்
கழற்றி வேறு இடத்தில் மாட்ட: 1,500 முதல் 2,500 ரூபாய்
உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு மாற்ற: 2,500 ரூபாய்க்கு மேல்

வருடத்துக்கு இரண்டு சர்வீஸ் போதும். கோடைக்கு முன் மாசி மாதத்தில் ஒன்று, மழைக்காலத்துக்கு முன் ஒன்று. இதற்கு சுமார் 1,200 ரூபாய். மாதம் 150 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் வருடத்தில் 1,800 சேரும். சர்வீஸ் போக 600 ரூபாய் சின்ன ரிப்பேருக்குக் கையில் இருக்கும். தவணை கட்டும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கரண்ட் செலவையும் மறக்காதீர்கள். ஒரு டன் ஏ.சி. இரவு 8 மணி நேரம் ஓடினால் சுமார் 6, 7 யூனிட் ஆகும். மாதத்துக்கு 200 யூனிட் பக்கம் வந்துவிடும். யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறும்.

"காஸ் இல்லை" என்று சொன்னால் கேளுங்கள்

"வலையும் வெளிப்பெட்டியும் சுத்தம் பண்ணியாச்சா?" சுத்தம் செய்த பிறகும் குளிரவில்லை என்றால்தான் அடுத்த பேச்சு.

"எங்க கசியுது? காட்டுங்க." சோப்பு நுரை பூசினால் பல கசிவுகள் குமிழி விட்டுக் காட்டிக் கொடுக்கும். குழாய் இணையும் நட்டில் கசிவது சகஜம். அதைச் சரி செய்த பிறகே காஸ்.

"எத்தன கிராம் அடிக்கிறீங்க?" எந்த காஸ், எத்தனை கிராம் என்று ஏ.சி.யின் மேல் ஒட்டிய தகட்டிலேயே இருக்கும். முழுவதும் நிரப்பும்போது பம்பு வைத்து குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, காஸை எடை போட்டு நிரப்ப வேண்டும்.

"வாரண்டியில வருமா?" பல கம்பெனிகள் கம்ப்ரசருக்கு 5 முதல் 10 வருடம் வரை தருகின்றன. அட்டையையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். வேலை முடிந்ததும் பில் கேட்டு வாங்குங்கள்.

சேர்ந்து கேட்டால் குறையும்

எங்கள் தெருவில் இப்போது ஆறு வீட்டில் ஏ.சி. இருக்கிறது. ஒரே நாளில் ஆறு வீட்டுக்கும் சர்வீஸ் என்று பேசினோம். டவுனில் இருந்து வரும் வண்டிச் செலவு ஒரு தடவைதானே! வீட்டுக்கு 100 ரூபாய் குறைத்துக்கொண்டார். உரம், மளிகை சேர்ந்து வாங்கும் நமக்கு இது புதிதா என்ன?

இந்த வேலைக்கு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடப் படிப்பு உண்டு. பெண் பிள்ளைகளும் சேரலாம். உங்கள் மகளிடமும் சொல்லிப் பாருங்கள்.

அந்த அக்கா இப்போது வலையைத் தானே கழுவுகிறார். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் கழற்றிக் காட்டுகிறார். "அந்த 3,500க்கு பேரனுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கியிருக்கலாம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள் சகோதரிகளே. காஸுக்கென்று யாராவது கடன் கேட்டால், முதலில் நாலு பேர் போய் வலையைத் திறந்து பாருங்கள்.