மானுக்கு வைக்கும் தண்ணீர்

கோடை வந்துவிட்டால் திருவண்ணாமலை அடிவாரத்துப் புள்ளிமான்களுக்குத் தண்ணீர்தான் பெரும்பாடு. சுனைகள் வற்றிப்போகும். புல் காய்ந்து சருகாகும். மேய்ச்சலில் கிடைத்த ஈரமும் அதோடு போய்விடும். மான் தண்ணீர் தேடி இறங்கியே ஆக வேண்டும். எந்த வழியாக வரும், எந்த நேரத்தில் வரும் என்பதைத் தண்ணீரே காட்டிக் கொடுத்துவிடும்.

வேட்டைக்காரர்கள் காலங்காலமாக நம்பியது இதைத்தான். இராமாயணத்தில் தசரதன் இருட்டில் சரயு நதிக்கரையில் காத்திருந்து, குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானை குடிக்கும் ஓசை என்று எண்ணி அம்பு விட்டான். செத்தது, கண் தெரியாத பெற்றோருக்காக நீர் மொள்ள வந்த பிள்ளை. அமெரிக்காவில் இன்றும் பிளாஸ்டிக் தொட்டியை மண்ணில் பதித்து நீர் நிரப்பி, எதிரே பரணில் காத்திருந்து மான் சுடுகிறார்கள். நம் நாட்டில் அது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்று சொல்வதில் கொல்வதோடு கண்ணி வைப்பது, விரட்டுவது, ஆசைகாட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே அடக்கம்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை கட்டும் தொட்டியும் மானை இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் காட்டுக்குள்ளேயே நிறுத்திவைக்க. தாம்பாளம்போல் அகலமாக, ஆழமில்லாமல், தரைமட்டத்தில் சிமெண்டில் கட்டுவார்கள். விளிம்பு சரிவாக இருக்க வேண்டும். சுவர்போல நிமிர்த்திக் கட்டினால் குட்டிக்கு எட்டாது. உள்ளே விழுந்த ஓணான் ஏற முடியாமல் செத்து மிதக்கும், தண்ணீரும் கெடும். ஆழ்துளைக் கிணறும் சோலார் மோட்டாரும் இருந்தால் நல்லது. இல்லாத இடத்தில் டேங்கர்தான்.

கட்டும் முறையைவிட இடம் முக்கியம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக வீடுகள், விடுதிகள், வாகனங்கள், எச்சில் இலையில் வளரும் தெருநாய்கள். பாதைக்கு வந்த மான் வண்டியில் அடிபடும், அல்லது நாய்களிடம் சிக்கும். துரத்தலில் மிரண்டு, பெரிய காயம் இல்லாமலே செத்துப்போவதும் உண்டு. ரமணாசிரமத்தில் லட்சுமிப் பசுவின் சமாதியருகே வள்ளி என்ற மானுக்கும் சமாதி இருக்கிறது. மான்மேல் இந்த ஊர் வைத்த பிரியம் அவ்வளவு ஆழமானது. அந்தப் பிரியத்தில்தான் சிலர் பாதையோரம் வாளியில் தண்ணீர் வைக்க நினைக்கிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். வேட்டைக்காரன் தொட்டி செய்வதையே அந்த வாளியும் செய்துவிடும்: மானை ஆபத்து இருக்கும் இடத்துக்கு வரவழைக்கும்.

காட்டுக்குள்ளும் கண்ட இடமெல்லாம் தொட்டி கூடாது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் ஆழ்துளைக் கிணறுகளால் வடபகுதியில் வரிக்குதிரைகள் பெருகின, அவற்றின் பின்னே சிங்கங்கள் வந்தன. இதனால் 1986இல் சுமார் 450 இருந்த ரோன் என்னும் இரலை மான்கள் 1993இல் 45 அளவுக்குக் குறைந்தன. பிறகு பல கிணறுகளை மூடினார்கள். நம் மலையில் சிங்கம் இல்லை, நாய்கள் இருக்கின்றன.

அதனால் தொட்டியை நிரப்புவதோடு வேலை முடியாது. சுற்றிலும் கசிந்த ஈரமண்ணைக் காலையில் பார்க்க வேண்டும். பிளந்த குளம்புத் தடம் மட்டும் இருந்தால் சரி. நாயின் பாதமோ, செருப்புத் தடமோ, புதரில் கம்பிச் சுருக்கோ தென்பட்டால் அன்றிரவு காவலர்கள் அங்கே இருந்தாக வேண்டும்.