குற்றத் தகவல் பகிர்வு வலைப்பின்னல்: வட சென்னையிலிருந்து ஒரு பார்வை

ஒரு காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்கு, கைது, காணாமற்போனவர், திருட்டுப்போன வாகனம் முதலிய விவரங்களை நாட்டின் வேறொரு காவல் நிலையத்திலிருந்து தேடிப் பார்ப்பதற்காக இந்திய அரசு உருவாக்கிய கணினி வலைப்பின்னலே குற்றம் மற்றும் குற்றவாளிகள் கண்காணிப்பு வலைப்பின்னல் அமைப்பு ஆகும். பெயர் நீளமானது என்பதால் காவலர்களும் வழக்கறிஞர்களும் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு சி.சி.டி.என்.எஸ். என்றே சொல்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இதனை நடத்துகிறது. நாட்டில் 17,000-க்கும் மேற்பட்ட காவல் நிலையங்கள் இதில் இணைந்துள்ளன.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய தில்லிக்குப் போக வேண்டியதில்லை. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒருமுறை போய் வந்தால் போதும்.

ஒரே கடற்கரை, பல எல்லைகள்

இராயபுரம் காவல் நிலையம் பெருநகர சென்னைக் காவல்துறையைச் சேர்ந்தது. அதற்கு வடக்கே உள்ள திருவொற்றியூரும் அப்படியே. இன்னும் சில கிலோமீட்டர் வடக்கே போனால் வரும் எண்ணூர், 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. ஒரே சாலை, ஒரே மீனவர் குடும்பங்கள், ஒரே ஆலைத் தொழிலாளர்கள். ஆனால் மேலதிகாரிகள் வேறு.

இது நிலத்தில் மட்டும். 1856-இல் திறக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி நிலையமான இராயபுரத்தின் நடைமேடையில் ஒருவரின் பையைத் திருடினால் அதை விசாரிப்பது மாநில அரசின் இருப்புப்பாதை காவல்துறை. அதே நிலையத்தில் தொடர்வண்டித் துறையின் சொந்தப் பொருளான இரும்பையோ செம்புக் கம்பியையோ திருடினால், ஒன்றிய அரசின் தொடர்வண்டிப் பாதுகாப்புப் படை 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கும். துறைமுக வாயிலில் நிற்பது மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. பெட்டகத்துக்குள் இருப்பது சுங்கத் துறையின் பொறுப்பு. கரையோரக் கடலில் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் அதற்கு அப்பால் இந்தியக் கடலோரக் காவல்படையும் சுற்றி வருகின்றன. வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் ஆந்திர எல்லை வந்துவிடும். அங்கே காவல்துறை வேறு, மொழியும் வேறு.

கொருக்குப்பேட்டை அருகே தண்டவாளத்தில் அடையாளம் தெரியாத உடல் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருப்புப்பாதை காவலர்கள் இயற்கைக்கு மாறான மரணம் என்று வழக்குப் பதிந்து, உடலில் இருந்த மச்சம், பச்சை, சட்டை நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்கள். அதே வாரம் நெல்லூரில் ஒரு தாய் தன் மகனைக் காணவில்லை என்று புகார் கொடுத்திருக்கலாம். இரண்டு தாள்களும் இரண்டு அலமாரிகளில் இருக்கும் வரை அந்தத் தாய்க்குப் பதில் கிடைக்காது. முன்பெல்லாம் இதற்கு வழி, கம்பியில்லாச் செய்தியும் நிலையங்களுக்கு அனுப்பப்படும் சுவரொட்டியும்தான். யாராவது நினைவில் வைத்துப் பொருத்திப் பார்த்தால் உண்டு.

இங்கிலாந்தில் 2002-இல் சோகாம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டனர். கொலையாளி பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் மீது முன்பு வேறொரு வட்டாரக் காவல்துறைக்குப் பல பாலியல் புகார்கள் வந்திருந்தன. வேலைக்கு எடுக்கும்போது நடந்த சரிபார்ப்பில் அவை வெளிவரவில்லை. அதை விசாரித்த பிச்சர்டு விசாரணைக் குழு 2004-இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக 2011-இல் அந்நாட்டில் காவல்துறைத் தேசியத் தரவுத்தளம் வந்தது. தகவல் இருந்தும் போய்ச் சேராததன் விலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு.

வளர்ந்த கதை

இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே ஒன்றிய அரசு ஆணையிட்டு ஒரே நாளில் நாடு முழுவதற்கும் ஒரு முறையைக் கொண்டுவர முடியாது. பணமும் மென்பொருளும் கொடுத்து மாநிலங்களை இணைக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986-இல் தொடங்கப்பட்டது. 1990-களில் மாவட்ட அளவில் கணினிப் பதிவுகள் வந்தன. 2000-களின் நடுவில் காவல் நிலையத்துக்கே கணினி வந்தது. ஆனால் அந்தக் கணினி தனித் தீவு; பக்கத்து நிலையத்தின் கணினியோடு பேசாது.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்த பிறகு வேகம் கூடியது. 2009-இல் சுமார் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே காலத்தில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் நாட்கிரிட் எனப்படும் தேசிய உளவுத் தொகுப்பையும் அறிவித்தார். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது காவல் நிலையப் பதிவேட்டின் கணினி வடிவம். பின்னது பயணம், வங்கி, தொலைபேசி போன்ற பிற தரவுத்தளங்களை உளவு, புலனாய்வு அமைப்புகள் சில மட்டும் தேடிப் பார்க்க அமைக்கப்பட்டது.

துறைமுகப் பகுதிக்கு முக்கியமான இன்னொரு செய்தி: சுங்க அதிகாரிகள் முதல் தகவல் அறிக்கை பதிவதில்லை, தங்கள் சட்டப்படி நேராக நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்கிறார்கள். எனவே பெட்டகத்தில் பிடிபட்ட கடத்தல் வழக்கு காவல் நிலையப் பதிவுகளின் வழியாக இந்த வலைப்பின்னலுக்குள் வருவதில்லை. 'எல்லாம் ஒரே கணினியில் இருக்கிறது' என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

ஏழு படிவங்கள்

இந்த அமைப்பின் உயிர் ஏழு படிவங்களில் இருக்கிறது. முதலாவது, முதல் தகவல் அறிக்கை. அடுத்து குற்ற விவரம், கைது, கைப்பற்றிய சொத்து, இறுதி அறிக்கை. ஆறாவது படிவம் நீதிமன்றத் தீர்ப்பு. ஏழாவது, மேல்முறையீட்டின் முடிவு.

முதல் ஐந்தும் காவலர் கையில் உள்ளவை. புகார் வந்தால் எழுதியே ஆக வேண்டும். 2013-இல் லலிதா குமாரி வழக்கில், பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய புகாருக்கு முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். (தமிழ்நாட்டில் பலருக்கும் கிடைப்பது சி.எஸ்.ஆர். என்னும் புகார் ஏற்புச் சீட்டுதான். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. வண்டி தொலைந்தவர்கள் இந்த வேறுபாட்டைக் காப்பீட்டு நிறுவனத்தின் வாசலில்தான் அறிந்துகொள்கிறார்கள்.)

ஆறாவதும் ஏழாவதும் அப்படியல்ல. தீர்ப்பு வேறு கட்டடத்தில், வேறு துறையில், சில சமயம் பத்து ஆண்டுகள் கழித்து வருகிறது. வழக்கைப் பதிந்த ஆய்வாளர் அதற்குள் நாலு ஊர் மாறியிருப்பார். விடுதலைத் தீர்ப்பைப் பதிவு செய்யும்படி யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை. கைது உடனே நாடு முழுவதும் தெரிகிறது. விடுதலை மெதுவாக நடந்து வருகிறது. என் பார்வையில் இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான்.

இதைச் சரிசெய்யவே இணைவுறு குற்றவியல் நீதி அமைப்பு என்ற அடுத்த கட்டம் வந்தது. காவல், நீதிமன்றம், சிறை, அரசு வழக்கறிஞர், தடய அறிவியல் ஆகிய ஐந்தையும் இணைத்து, ஒரு விவரத்தை ஒருமுறை மட்டும் உள்ளிட்டால் போதும் என்பது அதன் நோக்கம். இதன் இரண்டாம் கட்டத்துக்கு 2022-இல் 3,375 கோடி ரூபாய் ஒப்புதலானது.

பெயர் என்னும் சிக்கல்

கணினிப் பொறியாளர்கள் எளிதென்று நினைத்து இடறிய இடம் பெயர். தேசியப் படிவங்கள் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கப் பழகியவை. தமிழருக்கோ தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் தன் பெயரும்தான். 'ம. செல்வம்' என்பவர் ஓரிடத்தில் செல்வம் ம., இன்னோரிடத்தில் செல்வம் மாணிக்கம், மற்றொன்றில் மாணிக்கம் செல்வம். கடைசி வகையில் தந்தையும் மகனும் இடம் மாறிவிடுகிறார்கள்.

தமிழில் எழுதிய முதல் தகவல் அறிக்கையை ஆந்திரக் காவலர் தேட வேண்டுமானால் பெயர் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். இளங்கோவன் என்பதை ஒரு எழுத்தர் ஐ எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் ஈ எழுத்தில் தொடங்குவார். ழகரம் வந்தால் இசட், எல் என்று ஆளுக்கொரு வழி. இராயபுரம், காசிமேடு பக்கம் இன்னொரு சேர்க்கையும் உண்டு: கோயில் பதிவில் ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் வேறு வடிவம், தெருவில் அழைக்கும் பெயர் மூன்றாவது. காவல் ஆவணங்களில் பெயர்களுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் வரும் அந்தச் சிறிய 'எ', அதாவது 'என்கிற', இதற்காகத்தான் பிறந்தது.

இதனால் இரண்டு வகைப் பிழை நேரும். எழுத்துக்கூட்டல் மாறினால், தேடப்படுபவர் அகப்படமாட்டார். கணினியைத் தளர்வாகத் தேடச் சொன்னால், அதே பெயரும் அதே தந்தை பெயரும் கொண்ட வேறொருவர் அகப்படுவார். ஒரே தெருவில் இரண்டு 'மா. குமார்' இருப்பது வட சென்னையில் அதிசயமில்லை.

விரல்ரேகைக்கு எழுத்துக்கூட்டல் கிடையாது. 2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசியத் தானியங்கி விரல்ரேகை அடையாள அமைப்பு, கைதாகும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்றைத் தருகிறது. ஒருவர் எந்த மாநிலத்தில், எந்தப் பெயரில் கைதானாலும் எண் ஒன்றே. உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவுகளில் ஒன்று 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியது. அந்த வகைப்பாட்டு முறைக்கு உழைத்தவர்களில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்திய அதிகாரிகள் இருந்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

அழியாத பதிவு

துறைமுக நுழைவு அனுமதி, ஆலையில் ஒப்பந்த வேலை, கடவுச்சீட்டு ஆகியவற்றுக்குக் காவல் சரிபார்ப்பு கேட்கப்படுவதுண்டு. முன்பு உள்ளூர்க் காவலர் தன் பதிவேட்டைப் புரட்டுவார். இப்போது கணினியில் தேடலாம். பத்தொன்பது வயதில் ஒரு தெருச் சண்டை வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டு, பிறகு விடுதலையான ஒருவருக்கு, ஆறாவது படிவம் நிரப்பப்பட்டதா இல்லையா என்பதே வேலை கிடைக்குமா என்பதைத் தீர்மானித்துவிடலாம். 'வட சென்னை' என்றாலே ஒரு மாதிரி பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே உள்ள ஊரில் இது சிறிய விஷயமல்ல.

சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. 18 வயதுக்குட்பட்டோர் வழக்குகளின் பதிவுகளை, கொடுங்குற்றங்களில் சில நீங்கலாக, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. குற்றப் பின்னணித் தாள் என்பது காவல்துறையின் உள் ஆவணம், பொதுவில் வைக்கத் தக்கதல்ல என்றும், பின்தங்கிய, விளிம்புநிலைச் சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றோரின் பெயர்களை இயந்திரத்தனமாக அதில் சேர்க்கக் கூடாது என்றும் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. தில்லி வழக்கு ஒன்றில் எழுந்த இக்கருத்தை எல்லா மாநிலங்களும் கவனிக்கும்படியும் அது கேட்டுக்கொண்டது.

விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்தே நீக்கலாமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

மறுபுறம், ஒரே இடத்தில் குவித்த தரவு திருடனுக்கும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. தமிழ்நாடு காவல்துறை 2021 அக்டோபரில் முக அடையாள மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதன் தளத்துக்குள் வெளியார் அத்துமீறி நுழைந்தது தெரியவந்தது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே பெரிதாக உதவாது; குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் அதன் பல பிரிவுகளிலிருந்து விலக்கு உண்டு.

பயன்படுத்தும் வழிகள்

பொதுமக்கள் இந்த அமைப்பை முழுவதும் பார்க்க முடியாது. சில வாசல்கள் மட்டும் திறந்திருக்கின்றன. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவை தவிர்த்த முதல் தகவல் அறிக்கைகள் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் அவற்றைப் பார்க்கலாம். பழைய வண்டி வாங்குவோர், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகனச் சேவையில் பதிவெண், எஞ்சின் எண், சேசிஸ் எண் கொண்டு அது திருட்டு வண்டியா என்று சரிபார்க்கலாம்.

விரல்ரேகை, ஒளிப்படம் போன்ற அளவீடுகளை 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர், விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ எல்லா மேல்முறையீடுகளும் முடிந்து விடுதலையானாலோ அவை அழிக்கப்பட வேண்டும். ஆனால் அதைக் கேட்டு, மாநில அரசு நியமித்த தொடர்பு அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் சரிபார்த்துப் பரிந்துரைத்த பிறகே தேசியக் காப்பகம் அழிக்கும். விடுதலைத் தீர்ப்பின் சான்று நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி வழக்கறிஞர்கள் சொல்வது இதற்காகத்தான்.