தைனான் நகரத்து மீன்சாறு

தைவான் தீவின் தென்மேற்குக் கரையிலுள்ள தைனான், அத்தீவின் நகரங்களுள் மிகப் பழையது. ஆங்குள்ள மக்கள் விடியற்காலையிலேயே சந்தைக்குச் சென்று, சிறு பலகைகளில் அமர்ந்து, கொதிக்கும் மீன்சாற்றை உண்பர். காலையுணவாக மீனா என்று நம்மவர் வியத்தல் கூடும். அவ்வியப்பிற்கு விடை, அம்மீனின் வரலாற்றிலும் அச்சாற்றின் இயல்பிலும் அடங்கியுள்ளது.

அம்மீன் நமக்கு அயலானதன்று. மன்னார் வளைகுடாவிலும் பழவேற்காட்டிலும் பால்கெண்டை அல்லது துள்ளுக்கெண்டை என வழங்கப்படுவது அதுவே. வெள்ளி போன்ற செதிலும் பல்லில்லாத சிறு வாயும் உடையது. பாசியை மேய்ந்து வளர்வது. தைவானியர் இதற்கு இட்டு வழங்கும் பெயர் எங்ஙனம் பிறந்தது என்பதற்கு ஒரு கதை சொல்லுவர். 1662 இல் ஒல்லாந்தரை அந்நகரினின்றும் அகற்றிய கோக்சிங்கா என்னும் சீனத் தலைவர், இம்மீனைக் கண்டு, “இஃது என்ன மீன்?” என்று வினவினாராம், அவ்வினாவே பெயராயிற்றாம். கதை இனிது, ஆயினும் ஊர்ப்பெயர்க் காரணக் கதைகள் பலவற்றைக் கேட்டுப் பழகிய நாம் இதனை எளிதில் நம்புதற்கில்லை.

தைனானைச் சூழ்ந்த உப்பங்கழிப் பகுதிகளில் இம்மீன் குளங்களில் வளர்க்கப்படுகின்றது. பழைய முறையில் குளத்து அடிமண்ணை வெயிலில் உலர்த்தி, பின்பு முழங்காலளவு நீர் பாய்ச்சுவர். மண்ணிற் படரும் பாசியே மீனுக்கு மேய்ச்சலாகும். மீன்குஞ்சுகளைப் பன்னெடுங்காலம் கடற்கரையில் வலையிட்டே பிடித்துவந்தனர். கருவூட்டிக் குஞ்சு பொரிக்கும் முறை தைவானிற் கைவந்தது 1970களின் இறுதியிலேதான். நம் நாட்டிலோ, சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2015 ஆம் ஆண்டில் இதிற் சித்தி பெற்றனர்.

வெப்பநாட்டு மீனாதலின் இது குளிரைத் தாங்காது. வடக்கேயிருந்து வாடை வீசி நீர் மிகக் குளிர்ந்துவிடின், ஓராண்டு உழைப்பு ஓரிரவில் மிதந்துவிடும். அதனாலன்றோ குளத்தின் ஓரத்தில் ஆழ்ந்த அகழி வெட்டி, காற்றைத் தடுக்க அதன்மேல் மறைப்பும் கட்டுகின்றனர். அங்ஙனமிருந்தும் 2016 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் மீன்வளர்ப்போர் பேரிழப்புற்றனர்.

இனிச் சாற்றைக் காண்போம். இரவிற் பிடித்த மீன் பொழுது புலருமுன் கடைக்கு வந்துவிடும். இவ்விரைவிற்குக் காரணம் உண்டு. மீன் இறந்தபின் அதன் தசையில் இனோசினேட் என்னும் சுவைப்பொருள் திரளுகின்றது. சில காலத்திற்குள் அதுவே சிதைந்து கசப்பிற்கு இடந்தருகின்றது. மற்றொருபால் நுண்ணுயிர்கள் பெருகி, நாம் மீன்நாற்றம் என்று முகஞ்சுளிக்கும் அமீன்களைத் தோற்றுவிக்கின்றன. புளியும் மிளகாயும் மல்லியும் கூட்டிய நம் குழம்பு, மீனின் குறைகளை ஓரளவு மறைத்துவிடும். புளியின் புளிப்பு அவ்வமீன்களைக் கட்டுப்படுத்தவும் வல்லது. தெளிந்த சாறோ எதனையும் மறைக்காது. உப்பு, இஞ்சிக் கீற்று, சிறிது அரிசி மது ஆகியனவே அதிற் சேர்வன. அவையும் குளத்துச் சேற்றுவாடையைத் தணித்தற் பொருட்டேயாம். முதல்நாள் மீனை இதிலிட்ட கடைக்காரர் முதல் மிடறிலேயே பிடிபட்டுவிடுவார்.

செய்முறை எளிதெனத் தோன்றும். தலையையும் முள்ளையும் தனியே மெல்லக் கொதிக்கவைத்து வடித்துக்கொள்வர். தளதளவெனக் கொதிக்கவிட்டால் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிச் சாறு பால்போற் கலங்கும். சதைத்துண்டுகளையோ உண்பவர் வந்து அமர்ந்த பின்னரே சாற்றிலிடுவர். வெந்ததும் எடுத்துவிடல் வேண்டும், தாழ்த்தால் சதை வறண்டுவிடும். ஆனால் உண்மையான தொழில் கத்தியிலேயே உள்ளது. இம்மீனின் சதையில் 200க்கு மேற்பட்ட நுண்முட்கள் மறைந்து கிடக்கின்றன. நம்மவருட் பலர் இதனை வாங்கத் தயங்குவதும் இம்முள்ளுக்கு அஞ்சியே. அங்கோ, தழும்பேறிய விரல்களால் தடவியே முள்ளிருக்கும் வரிகளை அறிந்து, சதை சிதையாமற் கீறி எடுத்துவிடுவோர் உளர். அக்கைத்திறனைப் பெற ஏட்டுக்கல்வி உதவாது.

வயிற்றுப்பகுதியே யாவரும் விரும்பிக் கேட்பது; முள்ளற்றது, கரியதொரு மெல்லிய சவ்வின்மேல் வெண்ணெய்போன்ற கொழுப்புடையது. தோலையும் குடலையும் தனித்தனியே கேட்டு உண்பாரும் உளர். குடல் விரைவிற் கெடுமாதலின், அதனை நாடுவோர் இருள் பிரியுமுன்னரே வந்துவிடுவர். வயிற்றுப்பகுதி சற்று நேரம் தாங்கும். எனினும் வெயில் ஏறுமுன் அதுவும் தீர்ந்து, கடைக்காரர் கொப்பரையைக் கழுவத் தொடங்கிவிடுவதும் உண்டு.