நடை குறைந்தால் வரும் நோய்

பழனி மலைச் சிற்றூர்களில் தினையும் சாமையும் உண்டு, சுமையுடன் மலையேறி இறங்கிய பெரியோரை நான் அறிவேன். இன்று பல ஊர்களுக்குச் சாலை வந்துவிட்டது, நன்றே. ஆனால் நடை குறைந்துவிட்டது. கோடைக்கானலின் குளிர்காற்று மட்டும் நீரிழிவைத் தடுத்துவிடாது.

நடக்கும்பொழுது தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன. நடை குன்றி உடல் பருத்தால் இன்சுலின் செவ்வனே வேலை செய்வதில்லை. தேங்கிய சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் ஓசையின்றிக் கெடுக்கிறது.

இதனைப் பெரும்பாலும் தடுக்க இயலும். சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் வாயிலில் நின்றோருக்கு நடையாலும் உணவு ஒழுங்காலும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. பஞ்சாமிர்தம் விரலளவு உண்டால் பிரசாதம். கிண்ணம் கிண்ணமாக உண்டால் சர்க்கரைச் சுமை.

நோய் வந்தபின் மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. சிறுவர்க்கு வரும் ஒருவகை நீரிழிவு நடைக் குறைவால் வருவதன்று; அதற்கு இன்சுலினே உயிர்.

வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் குருதியில் சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டினால், மறுபடியும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணமில்லை. கடைசியாக எப்பொழுது சோதித்துக் கொண்டீர்கள் என்று இன்றே உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். விடை வராவிடில், நாளைக் காலை அவர்களை நடத்தியே அழைத்துச் செல்லுங்கள்.