கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். அந்தக் கடலில் கொஞ்சத்தை வரவேற்பறையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், கடைக்காரரிடம் முதலில் விசாரிப்பது கோமாளி மீனின் விலையை. குழாயைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். மீன் இன்று அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு வளர்த்துக் காட்டிவிட்டது. (உயிர்ப் பவளம் மட்டும் வேண்டாம்; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.)

தண்ணீரை ஓடவிடுவதுதான் சிக்கல். 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீருக்கு 6.5 தாண்டுவதே கஷ்டம். மீன் செவுள் வழியே வெளியேற்றும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்களுக்கும் அதே ஆக்சிஜனில்தான் பங்கு. கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் விஷமும் கூடுதல். ஓட்டம் நின்றால், மீன் நிறைந்த தொட்டி சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும்.

ஏற்பாடு எளியதுதான். மேலே மீன் தொட்டி, ஸ்டாண்டுக்குள் 'சம்ப்' என்கிற கீழ்த்தொட்டி. மேலிருந்து வழிவது கீழே வடிகட்டப்பட்டு, மோட்டாரால் திரும்ப ஏறுகிறது. வழிகிற இடம் ஏரியின் கலிங்கு மாதிரி. வரத்து எவ்வளவு இருந்தாலும் மேல்மட்டம் அநேகமாக அப்படியே நிற்கும். மேலே படியும் எண்ணெய்ப்பசை போன்ற கழிவுப் படலமும் முதலில் அதன் வழியாகத்தான் வெளியேறும். சித்திரை வெயிலில் தண்ணீர் ஆவியாவது மேல்தொட்டியில் தெரியவே தெரியாது. சம்ப்பில்தான் மட்டம் இறங்கும். உப்பு ஆவியாகாதே, அதனால் ஈடுகட்ட ஊற்ற வேண்டியது ஆர்.ஓ. தண்ணீர், உப்புத் தண்ணீர் இல்லை.

வழிந்த தண்ணீரைக் கீழே இறக்கும் குழாயில்தான் வித்தைகள் இருக்கின்றன. ஒரே குழாய் என்றால் தண்ணீரும் காற்றும் அதற்குள் கலந்து இறங்கும். 'களக் களக்' சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்க முடியாது. குழாயின் தலையை வளைத்து, உச்சியில் ஒரு காற்றுத்துளை போட்டால் சத்தம் அடங்கும், முழுக்க நிற்காது. இரண்டு குழாய் போட்டால் கதையே வேறு. முதல் குழாயில் ஒரு கேட் வால்வு வைத்து, குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து சைஃபனாக இழுக்கும்வரை மெல்லத் திருகுவார்கள். காற்றுக்கு இடமில்லாததால் சத்தம் இல்லை. அதே அளவுக் குழாய் பல மடங்கு தண்ணீரை இறக்கும். வாய் சற்று உயரத்தில் இருக்கும் இரண்டாவது குழாய் அவசரத்துக்கு: முதல் குழாயை ஒரு நத்தை அடைத்தால் வெள்ளம் அதில் இறங்கிவிடும்.

இதெல்லாம் கரண்ட் இருக்கும்போது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறிய பிறகு, காவிரி டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இந்த ஊரில் குழாய் அமைப்பை மோட்டார் நின்ற நேரத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

மோட்டார் நின்றதும், தண்ணீரை மேலேற்றிய குழாயே சைஃபனாக மாறித் தண்ணீரைக் கீழே இழுக்கும். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 14 லிட்டர். குழாயின் வாய் நான்கு அங்குலம் மூழ்கியிருந்தால் 56 லிட்டர். சம்ப்பில் அதற்கு இடமில்லையென்றால் மிச்சம் தரையில். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையைப் பாசி அடைக்கும். தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு போடலாமே என்பார் பிளம்பர். உப்பும் பாசியும் படிந்து அதுவும் ஒருநாள் மூடாது. நம்பத்தக்கது சம்ப்பில் விட்டுவைத்த காலியிடம் ஒன்றுதான்.

கண்ணாடியைத் துளைக்கப் பயந்து, விளிம்பில் மாட்டும் வழிபெட்டியை வாங்குகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம். அது விளிம்பைத் தாண்டும் சைஃபனை நம்பி இருக்கிறது. மின்தடையில் காற்று புகுந்து அது அறுந்தால், கரண்ட் வந்ததும் மோட்டார் மட்டும் ஓடும், இறக்கும் வழி இருக்காது. மேல்தொட்டி வழிந்து வீடெல்லாம் உப்புத் தண்ணீர். துளையிடப் போவதானால், அந்தக் கண்ணாடி டெம்பர்டு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டெம்பர்டு கண்ணாடி துளையிட்டால் நொறுங்கிவிடும். பித்தளை வால்வு எங்கும் வேண்டாம்: அதிலிருந்து கரையும் செம்பு நத்தையையும் இறாலையும் கொல்லும். பி.வி.சி. போதும்.

மீன் வாங்கப் போவதற்கு முன், வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி மோட்டாரை ஓடவிடுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சம்ப் எதுவரை நிறைகிறது என்று பார்த்து, அந்த மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மீண்டும் சுவிட்சைப் போடுங்கள், மீண்டும் அணையுங்கள். தரை நனையாத நாளில் உப்பு வாங்கலாம்.