வண்டிக்கு முன்னே செல்லும் செய்தி

மலைநாட்டுப் பாதையின் தூரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்லிப் பயனில்லை. வளைவுக் கணக்கில் சொல்வதே பொருத்தம். பன்விலவிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்கிய அனுபவமுள்ள நேயர்கள் இதனை ஒப்புவர். அப்பாதையில் ஒரு நோயாளரை ஏற்றிவரும் காவு வண்டி எவ்வளவு விரைந்தாலும், அதற்கு முன்பே கண்டித் தேசிய வைத்தியசாலையை அடையக்கூடியது ஒன்று உண்டு. வண்டியில் இருப்பவர் தொலைபேசியிலோ வானொலிக் கருவியிலோ சொல்லியனுப்பும் செய்தியே அது.

1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய சேவை, இந்திய நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிற்று. 2018இல் வடக்கிற்கு விரிந்து, பின்னர் நாடெங்கும் பரவிற்று. வண்டி வந்ததும் பாதிக் கவலை தீர்ந்ததென நாம் மூச்சு விடுகிறோம். ஆனால் மறுமுனையில் கட்டில் ஒழிய வேண்டும். மூச்சுக்குழாய் பொருத்த வல்ல வைத்தியர் வந்து நிற்க வேண்டும். இரத்தம் தேவையெனின் அதுவும் ஆயத்தமாக வேண்டும். பத்து நிமிடம் முன்னதாகத் தெரிந்தால் இவையெல்லாம் கூடும். தெரியாவிடில், வந்து சேர்ந்த நோயாளர் வாசலில் காத்திருக்கும் வேளையிலேதான் அவை தொடங்கும்.

நாம் எதையும் கதையாகச் சொல்லிப் பழகியவர்கள். “காலையில் கொழுந்து பறிக்கப் போனார், நல்லாய்த்தான் இருந்தார், பிறகு மரத்தடியில்...” என்று தொடங்கினால், முக்கியமான சொல் கடைசியில்தான் வரும். அதற்குள் மலை மறைவில் அலை அறுந்துபோகும். செய்தி கேட்கும் தாதியோ வேறொரு நோயாளரின் அருகில் நிற்பவர். ஆகவே தலையாயதை முதலிலே சொல்லிவிட வேண்டும். பிரித்தானிய அம்புலன்ஸ் சேவையினர் இதற்கென ஓர் ஒழுங்கைக் கைக்கொள்கின்றனர்: வயது, நேரம், நேர்ந்தது, காயம், உடற்குறிகள், அளித்த சிகிச்சை. அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

தோட்டங்களில் அடிக்கடி நேரும் குளவிக் கொட்டையே எடுத்துக்கொள்வோம். அருகிலுள்ள சிறு வைத்தியசாலையிலிருந்து கண்டிக்கு அனுப்பப்படும் ஒருவரைப் பற்றிய செய்தி இவ்வாறு அமையலாம்: “ஐம்பது வயதுப் பெண். பத்தரை மணிக்குப் பல குளவிகள் கொட்டின. நினைவு உண்டு, மூச்சுத் திணறல். இரத்த அழுத்தம் 80க்கு 50, நாடி 130. தொடையில் அட்ரினலின் அரை மில்லிகிராம், 10.50க்கு. ஒட்சிசன் செல்கிறது. இருபது நிமிடத்தில் வருவோம்.”

இதிலே “கவலைக்கிடம்” என்ற சொல் இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அச்சொல் ஒருவருக்கு ஒரு பொருள், மற்றவருக்கு வேறு பொருள். 80 என்பது எல்லோருக்கும் 80தான். ஊசி போட்ட நேரமும் வீண் விவரமன்று. அடுத்த ஊசியை எப்போது போடலாம் என்பதை வைத்தியர் அதைக்கொண்டே முடிவுசெய்வார்.

பாரிசவாதத்தில் நேரமே பெரும்பகுதி. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக, நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். விடியலில் எழும்போதே ஒருவருக்குக் கை விழுந்திருந்தால், அவர் கடைசியாகச் சுகமாகக் காணப்பட்டது எப்போது என்பதே கேள்வி. இதனை வண்டியில் வருபவர் எங்ஙனம் அறிவார்? லயத்தில் அவருடன் இருந்தவருக்கே அது தெரியும். வந்தவர் சிங்களம் மட்டும் பேசுபவராகவும் இருக்கக்கூடும். அந்நேரத்தை ஒரு துண்டுக் கடதாசியில் இலக்கத்தில் எழுதிக் கொடுத்தால் மொழி குறுக்கே நிற்பதில்லை. கிளினிக் புத்தகத்தையும் உண்ணும் மாத்திரைகளையும் அக்கடதாசியோடு ஒரே பையில் இட்டு, வண்டியின் கதவு சாத்துமுன் கொடுத்துவிடலாம்.