குளத்துப் பறவைகளின் வருஷக் கணக்கு

தென்காசி, கடையம் முதலிய பகுதிகளின் குளங்களில் மார்கழி, தை மாதங்களில் நாரையும் கொக்கும் தாராவும் வந்திறங்குவதை நமது விவசாயிகள் யாவரும் அறிவர். ஆயினும், சென்ற வருஷத்தினும் இவ்வருஷம் அவை குறைந்தனவா, மிகுந்தனவா என வினவினால் திட்டமாக விடை கூறுவோர் சிலரே. இக்குறையை நீக்கும் பொருட்டு, மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் 2011-ம் வருஷம் முதல் ஜனவரி மாதத்தில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி ஜில்லாக்களின் குளங்கள் இதில் அடங்கும். ஊதியம் பெறாத தொண்டர்களே கணக்கெடுப்பவர்.

குற்றாலத்துச் சாரலால் சிற்றாற்றில் வந்த நீரும், பின்னர் வடகிழக்குப் பருவமழை நீரும் குளங்களிற் சேர்ந்து, வலசைப் பறவைகளும் வந்தடைந்த சமயம் ஜனவரி.

ஒரு வருஷத்து எண்ணிக்கையை மட்டும் நம்புதல் தகாது. நல்ல மழை பெய்தால் பறவைகள் பல குளங்களிலும் சிதறுமாதலால், ஒரு குளத்தில் அவற்றின் தொகை குறைந்து தோன்றும். மழை பொய்த்தாலோ நீருள்ள சில குளங்களில் திரண்டு, பெருகிவிட்டதாக மயக்கும். அடங்கலில் ஒரே பசலியின் சாகுபடியைக் கண்டு நிலத்தின் தரத்தை எவரும் நிர்ணயிப்பதில்லையன்றோ?

இக்கணக்கால் குடிகளுக்கு யாது பயன்? நத்தைகுத்தி நாரை நத்தையையும் நண்டையும் தின்பது. நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீனுண்பவை. உள்ளான்களுக்குச் சேறும் ஆழமற்ற நீரும் வேண்டும். எவ்வினம் பல வருஷங்களாகக் குறைகின்றதென்பதைக் கொண்டு, குளத்தில் எது கெட்டதென்று விசாரிக்கலாம். நீலத்தாழைக்கோழி நெற்பயிரைக் கடிக்கிறதென்ற முறையீடும் மெய்யே. அதன் தொகையும் எழுதப்படவேண்டும். குளத்துக் கருவேல மரங்களை ஏலமிடுமுன் கூடுகளைக் கணக்கிடாவிடில், குஞ்சுகளுடன் மரம் சாயும். திருநெல்வேலி ஜில்லா கூந்தன்குளத்தில் குடிகளே நெடுங்காலமாகப் பறவைகளைப் பேணுகின்றனர். எச்சம் கலந்த குளத்து மண் அவர்கள் வயலுக்கு உரம். அவ்வூர் 1994-ல் சரணாலயமாயிற்று.

எண்ணும் முறை எளிது. விடியற்காலையில் இருவர் மூவராகக் கரையில் நின்று, வருஷந்தோறும் அதே இடத்திலிருந்து எண்ணுக. பெருங்கூட்டமாயின் முதலிற் பத்தை எண்ணி, அவ்வளவை அடையாளமாகக் கொண்டு மற்றவற்றை மதிப்பிடுக. பறந்து இடம் மாறியவற்றை இருமுறை சேர்த்தலாகாது. நீர்மட்டம், ஆகாயத்தாமரை, மீன்பிடிப்பு இவற்றையும் குறிக்க. இனம் தெரியாத கொக்கைக் ‘கொக்கு’ என்று மட்டும் எழுதலாம். ஊகித்த பெயர் பின்வருவோரின் கணக்கையும் பிழையாக்கும்.